கல்வியின் ஆடை: வகுப்பறைக்குத் தகுந்த உடை எது?

ஆண்டுதோறும் கல்லூரிகள் திறக்கும்போது புதிய மாணவர்களின் கையில் ஒரு கையேடு தரப்படுகிறது. கட்டண விவரம், வருகைப் பதிவு, தேர்வு விதிகள் ஆகியவற்றோடு உடை பற்றிய ஒரு பகுதியும் அதில் இடம்பெறும். ‘கண்ணியமான உடை அணிந்து வர வேண்டும்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு. எவையெவை கூடா என்று நீண்டதொரு பட்டியல் தருவனவும் உண்டு. ஜீன்ஸ் கூடாது, டி-சர்ட் கூடாது, கையில்லா மேலாடை கூடாது என்று தொடங்கும் அப்பட்டியல், சில இடங்களில் தொப்பி கூடாது, தலைத்துணி கூடாது என்பதில் போய் முடிகிறது.

பட்டியலின் முற்பகுதியைப் படிக்கும்போது நம்மில் பலர் மகிழ்கிறோம். பிற்பகுதியைப் படிக்கும்போது மனம் நோகிறோம். இரண்டும் ஒரே அதிகாரத்திலிருந்து பிறந்தவை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே, வகுப்பறைக்குத் தகுந்த உடை எது, அதனைத் தீர்மானிக்கும் அளவுகோல் எது, அதை வகுக்கும் உரிமை யாருக்கு எந்த எல்லை வரை உண்டு என்பவற்றை நிதானமாக ஆராய்வது பயனுடையது. மார்க்கம், வரலாறு, சட்டம் ஆகிய மூன்றும் இதில் நமக்குச் சொல்வதற்குச் செய்தி வைத்திருக்கின்றன.

ஒரு தாய் அணிவித்த உடை

மதீனாவின் பேரறிஞர் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் இளமைப் பருவத்தைப் பற்றி அவர்களே கூறியதாக ஒரு செய்தி நூல்களில் பதிவாகியுள்ளது. கல்வி கற்கச் செல்ல விரும்புவதாகச் சிறுவர் மாலிக் தம் தாயாரிடம் தெரிவிக்கிறார். தாயார் அவரை அருகழைத்து, ‘கல்வியின் ஆடையை’ அணிந்துகொள்ளுமாறு கூறி, தம் கையாலேயே உடுத்தி, தலையில் தொப்பி வைத்து, அதன்மேல் தலைப்பாகையையும் சுற்றிவிடுகிறார். பிறகுதான் அவரை அனுப்புகிறார். அறிஞர் ரபீஆ அவர்களிடம் செல்லும் மகனுக்கு அத்தாய் சொன்ன அறிவுரையும் புகழ்பெற்றது: ஆசானின் அறிவைக் கற்பதற்கு முன்னால் அவருடைய ஒழுக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அது.

‘கல்வியின் ஆடை’ என்ற சொல்லாட்சி இங்கே கவனிக்கத்தக்கது. கல்வி கற்கச் செல்வதற்கென ஓர் உடைநிலை உண்டு என்பதை அத்தாய் அறிந்திருந்தார். அந்த உடை விலையுயர்ந்தது என்று அச்செய்தி கூறவில்லை. கற்கப் போகும் இடத்தின் மதிப்பை மகன் தன் உடம்பிலேயே உணர்ந்து செல்ல வேண்டும் என்பதே அத்தாயின் நோக்கமாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. பிற்காலத்தில் இமாமைத் தேடி மக்கள் வரும்போது, சட்டக் கேள்விக்காக வந்தார்களா, நபிமொழி கேட்க வந்தார்களா என்று பணிப்பெண் முதலில் விசாரிப்பாராம். நபிமொழி கேட்க வந்தவர்கள் என்றால், இமாம் குளித்து, தூய ஆடை அணிந்து, நறுமணம் பூசிக்கொண்டு வந்து அமர்வார்கள். கற்பவருக்கு மட்டுமின்றிக் கற்பிப்பவருக்கும் உடையொழுக்கம் உண்டு என்பது இதனால் விளங்கும். இன்றைய உடைவிதிப் பட்டியல்களில் பல இந்த இரண்டாம் பகுதியை மறந்துவிடுகின்றன.

தொடக்கக் கால இஸ்லாமியச் சமுதாயத்தில் வகுப்பறை என்பது பெரும்பாலும் பள்ளிவாசலேயாகும். தூணருகே ஆசான் அமர, மாணவர் வட்டமாகச் சூழ்ந்து அமர்வர். தொழுமிடம் ஒவ்வொன்றிலும் அழகிய ஆடையை மேற்கொள்ளுமாறு திருக்குர்ஆன் (7:31) பணிக்கிறது. உண்பதிலும் பருகுவதிலும் வீண்விரயம் கூடாது என்று அதே வசனம் தொடர்ந்து எச்சரிக்கிறது. ஆகவே, தொழுகைக்குரிய உடை எதுவோ அதுவே பாடத்துக்குரிய உடையாகவும் அமைந்தது. தூய்மை, மறைப்பு, அழகு, விரயமின்மை ஆகிய நான்கும் அதன் இயல்புகளாயின.

வானவர் ஜிப்ரீல் (அலை) மனித வடிவில் வந்து ஈமான், இஸ்லாம், இஹ்ஸான் குறித்துக் கேள்வி கேட்ட நிகழ்ச்சியை உமர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி விவரிக்கிறது. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான அந்த அறிவிப்பு, கேள்விகளுக்கு முன்னதாகவே வந்தவரின் தோற்றத்தைச் சொல்கிறது: தூய வெண்ணிற ஆடை, கருநிறத் தலைமுடி, பயணக் களைப்பின் அடையாளமேதும் இல்லாத மேனி. அவர் நபி (ஸல்) அவர்களின் முழங்காலோடு தம் முழங்கால் படுமாறு நெருங்கி அமர்ந்தார். கேள்வி கேட்டுக் கற்கும் மாணவரின் கோலம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதனை முன்மாதிரியாக அறிஞர்கள் எடுத்துக்காட்டுவர்.

அறிஞர் அவைகளில் உடை

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகர். நேர்த்தியான ஆடை அணிபவர். அவர்களுடைய அவையில் ஒருநாள் ஒருவர் கிழிந்த ஆடையுடன் அமர்ந்திருந்தார். எல்லாரும் கலைந்து செல்லும்வரை அவரை இருக்கச் செய்த இமாம், தொழுகை விரிப்பின் கீழே உள்ளதை எடுத்துக்கொள்ளுமாறு கூறினார்கள். அங்கே ஆயிரம் திர்ஹம் இருந்தது. வந்தவரோ, தாம் வசதி படைத்தவர் என்றும், அப்பணம் தமக்குத் தேவையில்லை என்றும் சொன்னார். அதைக் கேட்ட இமாம், அல்லாஹ் தன் அடியாருக்கு வழங்கிய அருளின் அடையாளத்தை அவரிடம் காண விரும்புகிறான் என்னும் நபிமொழியை நினைவூட்டி, நண்பர்கள் உன்னைக் கண்டு வருந்தாதபடி உன் நிலையை மாற்றிக்கொள் என்று அறிவுறுத்தினார்கள்.

இந்நிகழ்ச்சியில் இரு பாடங்கள் உள்ளன. ஒன்று, வசதியிருந்தும் அலங்கோலமாக வருவது எளிமையாகாது. மற்றொன்று இன்னும் முக்கியமானது. கிழிந்த உடையைக் கண்டதும் இமாமின் உள்ளத்தில் எழுந்த முதல் எண்ணம் கண்டனமன்று, உதவி. அதுவும் மற்றவர் அறியாதபடி செய்யும் உதவி. உடைவிதியை மீறியதாக ஒரு மாணவனை வாயிலில் நிறுத்தி எல்லார் முன்னும் ஏசி அனுப்பும் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஹனஃபி அறிஞர் ஸர்னூஜி, மாணவர் ஒழுக்கம் பற்றித் தாம் எழுதிய ‘தஃலீமுல் முதஅல்லிம்’ என்னும் நூலில், தலைப்பாகையைப் பெரிதாகவும் சட்டைக் கையை அகலமாகவும் வைத்துக்கொள்ளுமாறு இமாம் அபூஹனீஃபா தம் மாணவர்களிடம் கூறியதாகக் குறிப்பிடுகிறார். கல்வியையும் கல்வியாளரையும் மக்கள் இலேசாகக் கருதிவிடக் கூடாது என்பதே அதன் காரணம் என்று விளக்கமும் தருகிறார். இமாமின் தலைமாணவரான காழி அபூயூஸுஃப் (மறைவு ஹிஜ்ரி 182, கி.பி. 798) அவர்கள்தாம் அறிஞர்களுக்கெனத் தனி உடையமைப்பை முதன்முதலில் ஏற்படுத்தியவர் என்றும், அதற்கு முன் அனைவரின் உடையும் ஒன்றாகவே இருந்தது என்றும் வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் எழுதுகிறார். ஏழ்மையில் வளர்ந்து, ஆசானின் பொருளுதவியால் கற்ற மாணவர் ஒருவரே பின்னாளில் அறிஞர் உடையை வகுத்தார் என்பது எண்ணத்தக்கது.

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் ஷாஃபிஈ அறிஞர் இப்னு ஜமாஆ (மறைவு ஹிஜ்ரி 733, கி.பி. 1333) இவ்வொழுக்கத்தை இன்னும் நுட்பமாக விவரிக்கிறார். ஆசானிடம் செல்லும் மாணவர் உடலும் உடையும் தூய்மையாக, நகம் வெட்டி, கெட்ட வாடை நீக்கிச் செல்ல வேண்டும் என்பது அவர் தரும் நெறி. நிறம் இன்னது, தையல் இன்னது என்று வரையறுப்பதில் இந்நூல்கள் நேரம் செலவிடவில்லை. தூய்மையும் கண்ணியமும் இருக்கின்றனவா என்பதே அவற்றின் கவலை.

மார்க்கம் வகுக்கும் எல்லை

திருக்குர்ஆன் உடையை மூன்று நிலைகளில் வைத்துப் பேசுகிறது. வெட்கத்தலங்களை மறைப்பது ஒன்று, அழகூட்டுவது மற்றொன்று, இவ்விரண்டுக்கும் மேலானதாக இறையச்சம் என்னும் ஆடையை அது (7:26) குறிப்பிடுகிறது. பார்வையைத் தாழ்த்திக் கற்பைப் பேணுமாறு இடும் கட்டளை (24:30) முதலில் ஆண்களை நோக்கியே வருகிறது. அதன் பிறகே பெண்களுக்குரிய கட்டளையும், தலைத்துணியை மார்பின்மீது போட்டுக்கொள்வது பற்றிய விளக்கமும் (24:31) வருகின்றன. இந்த வரிசைமுறையை நம் மேடைகள் பலவும் தலைகீழாக்கிவிட்டன.

சட்ட அறிஞர்களின் பொதுக்கருத்துப்படி ஆணுக்கு மறைக்க வேண்டிய எல்லை தொப்புள் முதல் முழங்கால் வரை. பெண்ணுக்கு முகமும் மணிக்கட்டு வரையிலான கைகளும் தவிர ஏனைய உடல் என்பது பெரும்பான்மையோரின் கருத்து. முகத்தையும் மறைக்க வேண்டும் என்று கூறும் அறிஞர்களும் உள்ளனர். எனினும், தமிழகத்தின் கடலோர ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் பெருநூலான இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’, கொடுக்கல் வாங்கல், சாட்சியம், கற்பித்தல் ஆகியவற்றுக்காகத் தேவையான அளவு பார்ப்பதற்கு அனுமதி உண்டு என்று தெளிவாகவே கூறுகிறது. கற்றல் கற்பித்தலை மார்க்கச் சட்டம் ஒரு தனித்தேவையாக அங்கீகரித்துள்ளது என்பது இதன் பொருள். தேர்வு அறையில் முகம் பார்த்து அடையாளம் உறுதிசெய்ய வேண்டிய தேவை எழும்போது நமக்கு இந்த விதி கைகொடுக்கும்.

உடல்வடிவைக் காட்டும் இறுக்கமும், ஊடே தெரியும் மென்மையும் இரு பாலாருக்கும் தவிர்க்கத்தக்கவை. இவற்றோடு அதிகம் பேசப்படாத மற்றொரு விலக்கும் உண்டு. பிறர் கவனத்தைத் தன்பால் இழுக்கும் புகழாசைக்காக அணியும் உடையை நபி (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள். ‘ஷுஹ்ரத்’ உடை என்று நூல்கள் இதனைக் குறிக்கும். அறிஞர்கள் இதற்கு இருபுறமும் விளக்கம் தருவர். மிக ஆடம்பரமானது எவ்வாறு இதில் அடங்குமோ, அவ்வாறே பக்தியைப் பறைசாற்ற வேண்டுமென்றே அணியும் மிக எளிய உடையும் அடங்கும். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கிழிந்த ஜீன்ஸும், கல்லும் ஜரிகையும் பதித்துப் பளபளக்கும் புர்காவும் இந்த அளவுகோலின் முன் அருகருகே நிற்கின்றன.

எல்லையை மார்க்கம் வகுத்தது. வடிவத்தை அந்தந்த மண்ணிடமே விட்டுவிட்டது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் நம் பாட்டிமார் வெள்ளைத் துப்பட்டியால் உடல் முழுவதும் போர்த்தியே வெளியே சென்றனர். கறுப்புப் புர்கா பரவலானது வளைகுடாப் பயணங்கள் பெருகிய பிந்தைய பத்தாண்டுகளிலேதான். முன்னதைப் பிழை என்றோ, பின்னதை அயல் என்றோ சொல்வதற்கில்லை. இரண்டும் ஒரே கட்டளையின் இருவேறு வடிவங்கள்.

தொப்பியின் வரலாறு தரும் படிப்பினை

வடிவம் எவ்வளவு விரைவாக மாறக்கூடியது என்பதற்குத் துருக்கித் தொப்பியைவிடச் சிறந்த சான்று இல்லை. 1829இல் உதுமானியப் பேரரசர் இரண்டாம் மஹ்மூது தலைப்பாகைக்குப் பதிலாகச் சிவப்புத் தொப்பியை அரசு அலுவலர்களுக்கு விதித்தார். அன்று அது புதுமை, எதிர்ப்புக்கும் உள்ளானது. நூறாண்டுக்குள் அதே தொப்பி உலக முஸ்லிம்களின் அடையாளமாயிற்று. 1925இல் துருக்கிக் குடியரசு அதனையும் சட்டத்தால் தடைசெய்து ஐரோப்பியத் தொப்பியைத் திணித்தது. ஒரே பொருள் ஒருகாலத்தில் சீர்திருத்தமாகவும், பின்னர் மரபாகவும், இறுதியில் குற்றமாகவும் ஆனது.

அலிகரில் 1875இல் சர் சையது அஹ்மது கான் தொடங்கிய கல்விக்கூடம், பின்னர் முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியாக வளர்ந்தபோது, கறுப்புத் துருக்கிக் கோட்டும் சிவப்புத் தொப்பியும் அதன் மாணவர் அடையாளமாயின. பல மாநிலங்களிலிருந்து வந்த, வெவ்வேறு குடும்ப நிலைகளைச் சேர்ந்த மாணவர்களை ஒரே தோற்றத்தில் நிறுத்துவது அதன் பயன். சீருடை என்பது நமக்கு அயலான சிந்தனையன்று என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கொழும்பில் 1905இல் நிகழ்ந்தது வேறொரு வகை. வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியணிந்து உச்சநீதிமன்றத்தில் தோன்றியபோது தலைமை நீதிபதி அதனை ஏற்க மறுத்தார். தலையைத் திறப்பதே மரியாதை என்பது ஆங்கிலேயர் மரபு. தலையை மூடுவதே மரியாதை என்பது நம் மரபு. மரியாதை செய்ய வந்தவர் அவமதித்தவராகக் கருதப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் மருதானைப் பள்ளிவாசலில் இலங்கை முஸ்லிம்கள் பெருங்கூட்டம் கூட்டித் தம் வேண்டுகோளை அமைதியாக முன்வைத்தனர். பின்னர் தொப்பிக்கு அனுமதி கிடைத்தது. ‘கண்ணியமான உடை’ என்னும் தொடர் எல்லாருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதை இந்நிகழ்ச்சி புலப்படுத்துகிறது. பிற்காலத்தில் இலங்கை அரசுப் பள்ளிகளில் முஸ்லிம் மாணவியருக்கெனத் தலைத்துணியும் நீண்ட உடையும் வெண்ணிறச் சீருடையின் ஒரு வடிவமாகவே அமைந்தன. சீருடைக்கும் தலைத்துணிக்கும் இயல்பான பகை எதுவுமில்லை என்பதற்கு அது கண்கூடான சான்று.

நீதிமன்றங்களில் மாணவியர்

நம் காலத்தில் இச்சிக்கல் நீதிமன்றங்களை அடைந்துள்ளது. லெய்லா சாஹின் என்னும் துருக்கி மருத்துவ மாணவி, வேறொரு பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் தலைத்துணியுடனேயே படித்தவர். இஸ்தான்புல் பல்கலைக்கழகத்துக்கு மாறிய பின், 1998 பிப்ரவரியில் வெளியான சுற்றறிக்கையால் வகுப்பும் தேர்வும் அவருக்கு மறுக்கப்பட்டன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2005 நவம்பரில் அத்தடையைச் சரியென்றது. ஒரேயொரு நீதிபதி மட்டுமே மாறுபட்டார். அம்மாணவி வியன்னா சென்று கல்வியைத் தொடர்ந்தார். அவரைப் போல் செல்ல இயலாதவர்கள் கல்வியை இழந்தனர். தலைத்துணிக்கு மேல் பொய்முடி அணிந்து வகுப்புக்குச் சென்றவர்களும் உண்டு. 2010 முதல் துருக்கிப் பல்கலைக்கழகங்களில் அத்தடை நடைமுறையில் தளர்ந்தது. ஆனால், இடைப்பட்ட ஆண்டுகளில் இழந்த கல்வியைத் திருப்பித் தர எந்தத் தீர்ப்பாலும் இயலாது.

பிரான்ஸ் நாட்டின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையான சமய அடையாளங்களை அரசுப் பள்ளிகளில் தடைசெய்தது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்பதைப் பலர் அறிவதில்லை. வயதுவந்த மாணவர் தம் உடையைத் தாமே தீர்மானிக்க வல்லவர் என்ற வேறுபாட்டை அவ்வளவு கடுமையான நாடும் ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டில், 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில், நாட்டுப்பண் பாடாமல் மரியாதையுடன் எழுந்து நின்ற கேரளக் கிறித்தவக் குழந்தைகள் மூவரைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவ நுழைவுத்தேர்வுக்கான உடைவிதி குறித்து 2016இல் கேரள உயர்நீதிமன்றம் கண்ட தீர்வு எளியது: தலைத்துணியும் முழுக்கைச் சட்டையும் அணியும் மாணவியர் சற்று முன்னதாக வந்து சோதனைக்கு உட்பட்டால் போதும். முறைகேட்டைத் தடுக்கும் நோக்கமும் நிறைவேறியது; மாணவியின் நம்பிக்கையும் காக்கப்பட்டது. அதே நீதிமன்றம் 2018இல் வேறொரு வழக்கில், தனியார் பள்ளி தன் சீருடையை வகுக்கும் உரிமையே மேலோங்கும் என்றது. கல்விக்கூடத்தில் சேரும் முன்பே விதிகளைக் கேட்டறிய வேண்டிய பொறுப்பு பெற்றோருக்கு உண்டு என்பதை இத்தீர்ப்பு உணர்த்துகிறது.

உடுப்பியில் 2021ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்த சிக்கல் நாடறிந்தது. 2022 பிப்ரவரி 5ஆம் நாள் கர்நாடக அரசு சீருடை குறித்து ஆணையிட்டது. ஹிஜாப் மார்க்கத்தின் இன்றியமையாத கடமையன்று என்று கூறி, அம்மாநில உயர்நீதிமன்றம் மார்ச் 15இல் அவ்வாணையை உறுதிசெய்தது. அவ்வாண்டு அக்டோபர் 13இல் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்புகள் வழங்கினர். நீதிபதி ஹேமந்த் குப்தா மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். நீதிபதி சுதான்ஷு துலியா, இது மாணவியின் தேர்வுரிமை சார்ந்தது என்றும், பெண்ணின் கல்வியே முதன்மையான கேள்வி என்றும் கருதி அரசாணையை நீக்கினார். வழக்கு பெரிய அமர்வுக்காகத் தலைமை நீதிபதியிடம் அனுப்பப்பட்டது.

மும்பை செம்பூரிலுள்ள கல்லூரி ஒன்றின் விவகாரம் நம் கருத்துக்கு மிக நெருக்கமானது. 2024இல் அக்கல்லூரி ஹிஜாப், தொப்பி, அடையாளச் சின்னங்கள் ஆகியவற்றைத் தடைசெய்தது; கிழிந்த ஜீன்ஸ், டி-சர்ட் ஆகியவற்றையும் தொடர்ந்து தடைசெய்தது. சமய அடையாளம் தெரியக் கூடாது என்பதே காரணமென்றால், மாணவரின் பெயரே அதைக் காட்டிவிடாதா என்று உச்சநீதிமன்றம் வினவியது. ஹிஜாப், தொப்பி, சின்னம் மீதான தடையை 2024 ஆகஸ்டு 9ஆம் நாள் நிறுத்திவைத்தது. வகுப்பறைக்குள் புர்கா அணிவதற்கு மட்டும் அனுமதி தரவில்லை.

2005இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் மாணவர்களுக்கு ஜீன்ஸ், டி-சர்ட், கையில்லா மேலாடை முதலியவற்றைத் தடைசெய்தபோது நம் சமுதாயத்தில் வரவேற்றோர் பலர். ஒழுக்கம் வளரும் என்று அவர்கள் நம்பினர். அந்நம்பிக்கையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், வயதுவந்த மாணவரின் உடையை எக்காரணமும் காட்டாமல் தடைசெய்யும் அதிகாரத்தை ஒரு நிறுவனத்துக்கு நாம் வழங்கிவிட்டால், அது நமக்கு உகந்த திசையில் மட்டுமே செல்லும் என்று எதிர்பார்க்க இயலாது. செம்பூரில் ஹிஜாபும் ஜீன்ஸும் ஒரே கையால் தடுக்கப்பட்டன. பிறர் மகளுக்குக் கோராத உரிமையை நம் மகளுக்கு மட்டும் கோருவது நீதியாகாது. வலுவான வாதமும் ஆகாது.

எந்த விதி நியாயமானது?

அப்படியானால் கல்லூரி எவ்விதியும் வகுக்கக் கூடாதா? வகுக்கலாம், வகுக்கவும் வேண்டும். ஆனால், ஒவ்வொரு விதியும் சில கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். இவ்விதி கற்றலுக்கு எவ்வாறு துணைசெய்கிறது? இதே பயனை இதைவிட மென்மையான வழியில் அடைய இயலாதா? ஆணுக்கும் பெண்ணுக்கும், மாணவருக்கும் ஆசிரியருக்கும் சமமாகப் பொருந்துகிறதா? இதன் காரணமாக யாராவது வகுப்பை விட்டே வெளியேற நேருமா?

இக்கேள்விகளுக்குச் சிறந்த உரைகல் ஆய்வுக்கூடமும் பட்டறையும் ஆகும். கடைசல் இயந்திரத்தின் அருகே தொங்கும் துணி எதுவாயினும் ஆபத்தானது. துப்பட்டாவின் முனை, கழுத்துப்பட்டை, அகன்ற சட்டைக் கை ஆகியவற்றில் எதைச் சுழலும் இயந்திரம் பற்றினாலும் உடலையும் சேர்த்து இழுத்துவிடும். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எரியும் சுடரின் அருகே செயற்கை இழைத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எனவே தொங்கும் துணி கூடாது, பருத்தித் துணியே வேண்டும், கால் முழுதும் மூடிய காலணி வேண்டும் என்பவை காரணமுள்ள விதிகள். இவை எந்தச் சமயத்தையும் குறிவைக்கவில்லை. முனைகளை உள்ளே செருகி இறுக்கமாகக் கட்டிய பருத்தித் தலைத்துணியும், அதன்மேல் ஆய்வுக்கூட மேலங்கியும் அணியும் மாணவி மார்க்கத்தையும் பேணுகிறாள், பாதுகாப்பையும் பேணுகிறாள். இவ்விதியை விளக்கிச் சொன்னால் எம்மாணவியும் மறுக்கமாட்டாள். ‘கூடாது’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தும்போதுதான் பூசல் எழுகிறது.

நம் பொறுப்பு

பிறரிடம் கேட்பதற்கு முன் நம்மிடமும் சிலவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உடையொழுக்கம் என்று பேசத் தொடங்கியதும் நம் பேச்சு மகளிடமே செல்கிறது. குனிந்தால் இடுப்பு தெரியும் காற்சட்டையும், பொருள் விளங்காத ஆபாச வாசகம் பொறித்த சட்டையும் அணிந்து கல்லூரிக்கும், அங்கிருந்து அப்படியே ஜும்ஆவுக்கும் செல்லும் மகனை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. ஜும்ஆவுக்கென வேலையுடை அல்லாத வேறோர் உடையை வைத்துக்கொள்ளுமாறு ஆண்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை அவனிடம் யார் சொல்வது?

நம் சமுதாயத்தார் நடத்தும் கல்லூரிகளில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பயில்கின்றனர். பொதுவான கண்ணியத்தை அவர்களிடம் எதிர்பார்க்கலாம். நம் மார்க்க உடையை அவர்கள்மீது விதிக்கும் உரிமை நமக்கில்லை. உடுப்பியில் நாம் கேட்ட நீதியை நம் வாயிலில் நாமே மறுத்தவர்களாகிவிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, உடை காரணமாக ஒரு பெண்ணின் கல்வி நின்றுவிடும் நிலையை எந்தத் தரப்பும் உண்டாக்கலாகாது. தலைத்துணியை அகற்றினால்தான் வகுப்பு என்று சொல்லும் நிர்வாகம் ஒருபுறம். இன்ன வகைப் புர்கா அணியாவிட்டால் படிப்பே வேண்டாம் என்று சொல்லும் குடும்பம் மறுபுறம். இரண்டுக்கும் இடையில் நிற்கும் மாணவிக்கு முடிவு ஒன்றே: புத்தகம் மூடப்படுகிறது. அறிவைத் தேடுவதைக் கடமையாக்கிய மார்க்கத்தைப் பின்பற்றுவோர் இந்த முடிவைப் பொறுத்துக்கொள்ளலாகாது. சட்டம் தீரும்வரை காத்திருக்காமல், சேர்க்கைக்கு முன்பே நிர்வாகத்தோடு பேசுவதும், சீருடை நிறத்திலேயே தலைத்துணி அணிய இசைவு கேட்பதும், உடைக்கு வசதியில்லாத மாணவருக்கு ஜமாஅத்தின் வழியே யாரும் அறியாமல் உதவுவதும் நம்மால் இன்றே செய்யக்கூடியவை.

மதீனாவின் அந்தத் தாய் மகனுக்குத் தலைப்பாகை கட்டிய பின் வீட்டிலேயே வைத்துக்கொள்ளவில்லை, ஆசானிடம் அனுப்பினார். அவர் அணிவித்த உடை கல்வியின் வாயிலுக்குச் செல்வதற்காகவே அணிவிக்கப்பட்டது. காலைதோறும் மகளின் தலைத்துணியைச் சரிசெய்து, மகனின் சட்டையைத் தேய்த்துக் கொடுத்து வழியனுப்பும் நம் தாய்மாரும் அதே நோக்கத்துடன்தான் நிற்கின்றனர். அப்பிள்ளைகள் வகுப்பறைக்குள் சென்று அமர்வதற்குத் தடையாக இருப்பவற்றை நீக்குவது நிர்வாகத்தின் கடமை, சட்டத்தின் கடமை. நம் அனைவரின் கடமையும் ஆகும்.